கரண்ட் கொடுத்தால் கை வருமா? கழுத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கான மூளைத் தூண்டல் பற்றி

போன மாதம் சித்தி போன் செய்தார். யாரோ அவருக்கு ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். தலையில் பட்டை கட்டி வயர் மாட்டிய ஒருவர், கை அசையாமல் கிடந்தவராம், டம்ளரைத் தூக்கித் தானே தண்ணீர் குடிக்கிறார். "ஏப்பா, மூளைக்குக் கரண்டு குடுத்தா கை வந்துருமாமே, நம்ம பயலுக்கும் குடுப்பமா? இருக்குற காணிய வித்தாச்சும் பாத்துருவம்" என்றார்.

சித்தி மகன் கொத்தனார். செட்டிநாட்டுப் பழைய வீடுகளைப் பழுது பார்க்கிறவன், அதிலும் சுண்ணாம்புச் சாந்தில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடி மாதிரி இழைத்துவிடும் பூச்சு வேலையில் கை தேர்ந்தவன். மூன்று வருடத்துக்கு முன்னால் கானாடுகாத்தானில் ஒரு வீட்டு முற்றத்தில் சாரம் சரிந்து விழுந்தான். கழுத்தில் அடி. கால் இரண்டும் போயிற்று. கை பாதி இருக்கிறது: தோளைத் தூக்குவான், முழங்கையை மடக்குவான், மணிக்கட்டை மேலே நிமிர்த்துவான், விரல்கள் மட்டும் சொன்னபடி கேட்காது. சித்திக்குப் போனில் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அப்படி ஒரு சிகிச்சை ஆராய்ச்சியில் உண்மையாகவே இருக்கிறது, ஆனால் அந்த வீடியோ காட்டாத பாதிதான் அதில் முக்கியம். அவருக்கு நேரில் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நம் பக்கத்தில் பனையிலிருந்து விழுந்தவர்கள், கிணற்றில் விழுந்தவர்கள், மஞ்சுவிரட்டில் மாடு தூக்கிப் போட்டவர்கள், பைக்கில் போய் அடிபட்டவர்கள் என்று எத்தனையோ வீடுகளில் இதே கேள்வி இருக்கும்.

முதலில் என்ன உடைந்தது என்பதைப் பார்ப்போம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், மூளை கண்மாய், தண்டுவடம் கால்வாய், தசைகள் வயல். கழுத்தில் அடிபட்டவருக்குக் கண்மாயும் நன்றாக இருக்கிறது, வயலும் இருக்கிறது, இடையில் கால்வாய் சிதைந்து கிடக்கிறது. 'கையைத் தூக்கு' என்ற கட்டளை மூளையின் மேல்பரப்பில் இருக்கும் இயக்கப் பகுதியில் பிறந்து, நீளமான நரம்பிழைகள் வழியாகக் கீழே இறங்கி, மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் தாண்டி, கழுத்துத் தண்டுவடத்தில் இருக்கும் இயக்க நரம்பணுவிடம் போய்ச் சேர வேண்டும். அந்த நரம்பணு தன் இழையைக் கைத்தசை வரைக்கும் நீட்டியிருக்கிறது. எந்த மட்டத்தில் அடிபட்டதோ அதைப் பொறுத்து எது மிஞ்சும் என்பது மாறும். சி என்றால் கழுத்து, டி என்றால் மார்பு, எண் என்பது மேலிருந்து எத்தனையாவது நரம்பு மட்டம் என்ற கணக்கு. முழங்கையை மடக்குவது சி5, மணிக்கட்டை மேலே நிமிர்த்துவது சி6, முழங்கையை நீட்டுவது சி7, விரலை மடக்குவது சி8, விரல்களை விரிப்பது டி1. டாக்டர் சீட்டில் 'சி6' என்று எழுதியிருந்தால் சி6 வரை வேலை செய்கிறது, அதற்குக் கீழே குறைகிறது என்று பொருள். ஒரு மட்டம் கீழே இறங்கினால் போதும், வாழ்க்கையே வேறு: சி7 இருந்தால் கையை ஊன்றிக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானே மாறிவிட முடியும், பலருக்கு சி5-இல் அதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் எப்போதும் "நடப்பாரா?" என்றுதான் கேட்கிறார்கள். அடிபட்டவர்களைக் கேட்டால் வேறு பதில் வருகிறது. அமெரிக்காவில் கிம் ஆண்டர்சன் என்ற ஆராய்ச்சியாளர், அவரும் தண்டுவடக் காயத்தோடு வாழ்கிறவர், 681 பேரிடம் கேட்டு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், கை கால் நான்கும் பாதிக்கப்பட்டவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் முதலில் கேட்டது கையும் விரலும்தான். நடப்பது அதற்குப் பின்னால்தான் வந்தது. சித்தி மகனும் அதையேதான் சொன்னான். கால் கிடக்கட்டும் அண்ணே, சோத்தைப் பிசைஞ்சு திங்கணும், மூக்கு அரிச்சா சொறியணும், அது போதும் என்றான்.

சரி, கால்வாய் சிதைந்தது என்றேன். முழுசாகவா, பாதியா? இந்தக் கேள்விதான் மொத்தச் சிகிச்சைக்கும் அடிப்படை. தண்டுவடக் காயத்தை ஏ முதல் இ வரை தரம் பிரிக்கிறார்கள் (மேலே சொன்ன சி, டி மட்டங்கள் வேறு, இது வேறு). ஏ என்றால் அடியில் ஆசனவாய்ப் பகுதி வரைக்கும் உணர்வோ அசைவோ எதுவும் இல்லை, பி, சி, டி என்றால் ஏதோ கொஞ்சம் கீழே போய்ச் சேர்கிறது, இ என்றால் இயல்பு. பெரும்பாலும் தண்டுவடம் கத்தியால் அறுத்தது போலத் துண்டாவதில்லை, எலும்பு நொறுங்கி நசுக்குகிறது, அதனால் ஓரத்தில் சில இழைகள் தப்பிவிடுகின்றன. 'முழுக் காயம்' என்று முத்திரை குத்தப்பட்டவர்களிலும் சிலருக்குத் தப்பிய இழைகள் இருப்பதைப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. தப்பிய இழை இருந்தும் தசை அசையாமல் இருப்பது எதனால் என்றால், அந்தக் கொஞ்ச இழைகள் கொண்டுவரும் செய்தி கீழே இருக்கும் நரம்பணுவை எழுப்பப் போதவில்லை. கால்வாயில் கசிவாக வருகிற தண்ணீர் வயல் வரப்பை ஏற மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. கை அசையாமலே கிடந்தால் மூளையில் அந்தக் கைக்கு ஒதுக்கியிருந்த இடத்தை அக்கம்பக்கத்துப் பகுதிகள் மெல்ல எடுத்துக்கொள்கின்றன. ஊருணியில் தண்ணீர் எடுக்க யாரும் வராவிட்டால் படிக்கட்டில் முள் மண்டுகிற மாதிரி. ஆக அடி கழுத்தில் என்றாலும் மாதங்கள் போகப் போக மூளையிலும் மாற்றம் நடக்கிறது. மூளைத் தூண்டல் என்ற யோசனை இங்கேதான் பிறக்கிறது: மேலே கண்மாயில் நீர் மட்டத்தை உயர்த்தி, தப்பிய இழைகளின் வழியே கூடுதலாக அனுப்ப முடியுமா, அந்தப் போக்கைப் பழக்கமாக்கி நிலைக்க வைக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

தூண்டுவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள். இரண்டுக்கும் மண்டையைத் திறக்க வேண்டியதில்லை.

ஒன்று காந்தம். 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கரும் கூட்டாளிகளும் செய்து காட்டியது. தலைக்கு மேல் ஒரு கம்பிச்சுருளை வைத்து, அதில் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் பெரிய மின்னோட்டத்தை விட்டால், எழும் காந்தப்புலம் மண்டை ஓட்டைத் தடையில்லாமல் கடந்து உள்ளே சின்ன மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. சரியான இடத்தில் வைத்தால் எதிர்ப்பக்கக் கட்டைவிரல் தானாகத் துள்ளும். 'டக்' என்று சத்தம் வரும், தலையில் சுண்டினது போல இருக்கும், பெரிய வலி கிடையாது. இது சிகிச்சை மட்டும் இல்லை, நல்ல பரிசோதனையும் கூட: மூளையில் தட்டினால் கைத்தசையில் சின்னச் சலனமாவது பதிவாகிறதா என்று பார்த்து, கால்வாயில் எவ்வளவு வழி மிச்சம் இருக்கிறது என்று கணிக்கலாம். திரும்பத் திரும்பத் தட்டினால் வேகத்தைப் பொறுத்து விளைவு மாறுகிறது. நொடிக்கு ஒரு தட்டு என்ற அளவில் மெதுவாகப் போனால் பொதுவாக அந்தப் பகுதி அடங்குகிறது, நொடிக்கு ஐந்துக்கு மேல் போனால் துடிப்பாகிறது. மனச்சோர்வுக்கு இந்தச் சிகிச்சையை அமெரிக்காவில் 2008-லேயே அனுமதித்துவிட்டார்கள், அதனால் இந்த இயந்திரம் நம் பெரிய ஊர்களிலும் மனநல சிகிச்சையில் இருக்கிறது. இயந்திரம் இருக்கிறது என்பதாலேயே கைக்கும் பலன் தரும் என்று யாராவது சொன்னால் அங்கே நிதானிக்க வேண்டும்.

இரண்டாவது, நேர் மின்னோட்டம். வீடியோவில் சித்தி பார்த்தது அனேகமாக இதுதான். உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சு மின்முனைகளைத் தலையில் வைத்து, 1 முதல் 2 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை 20 நிமிடம் போல விடுவார்கள். காரைக்குடிக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. 1953-இல் திறந்த சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் ஊர், மின்முனை, உப்புக் கரைசல், அயனி எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூடக் காதில் வாங்கிய சொற்கள். அதே வேதியியல்தான், ஆனால் மனிதத் தோலின் மேல். ஜெர்மனியின் கட்டிங்கன் நகரில் நிட்ஷே, பாவ்லஸ் என்ற இருவர் 2000-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு இது பரவியது. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: இந்த மின்னோட்டம் நரம்பணுவை நேரடியாகத் துடிக்க வைப்பதில்லை. பெரும்பகுதி தோலிலேயே வழிந்துவிடுகிறது, உள்ளே போகிற மிச்சம் நரம்பணுவைத் துடிப்பதற்குக் கொஞ்சம் தயாராக்கி வைக்கிறது, அவ்வளவே. அதாவது விதைப்பதற்கு முன்னால் நிலத்தை ஈரமாக்குவது. ஈரமாக்கிவிட்டு விதைக்காமல் வீட்டுக்குப் போனால் மறுநாள் வெயிலில் காய்ந்துவிடும்.

விதை என்பது பயிற்சி. வீடியோ காட்டாத பாதி இதுதான், நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே இதற்காகத்தான். தலையில் பட்டை கட்டிக்கொண்டு அந்த மனிதர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அந்த நேரத்திலும் அதற்குப் பின்னாலும் அவர் நூற்றுக்கணக்கான தடவை டம்ளரைத் தொட்டிருப்பார், நழுவ விட்டிருப்பார், மறுபடி தொட்டிருப்பார். மயாமியில் எடெல் ஃபீல்ட்-ஃபோட் குழு கழுத்துக் காயமடைந்தவர்களுக்குச் செய்த செறிவான கைப்பயிற்சி எவ்வளவு தெரியுமா? நாளைக்கு 2 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள், 3 வாரம். அதோடு மணிக்கட்டு நரம்புக்கு மெல்லிய மின்தூண்டல். பயிற்சியும் தூண்டலும் சேர்ந்தபோதுதான் நல்ல பலன் தெரிந்தது. நம் ஊரில் ஒருவருக்கு பிசியோ என்றால் அரைமணி நேரம் கையைக் காலை நீட்டி மடக்கிவிட்டு, 'நாளைக்கு வாங்க' என்று அனுப்புவது. அதில் நோயாளியின் மூளை செய்கிற வேலை மிகக் குறைவு. அடுத்தவர் அசைத்துவிடும் கை மூட்டு இறுகாமல் காக்கும், அதுவும் வேண்டியதுதான், ஆனால் தப்பிய இழைக்கு அது பாடம் ஆகாது. தானே முயல வேண்டும், முயற்சி பாதி தோற்க வேண்டும், செய்கிற காரியம் அவருக்கு வேண்டியதாக இருக்க வேண்டும். சித்தி மகன் சித்தாளாகச் சேர்ந்து கரணை பிடிக்கக் கற்றது எத்தனை வருடம், எத்தனை ஆயிரம் இழுப்பு என்று நினைத்துப் பார்த்தால் போதும். நம் ஆச்சிமார் சீப்பில் வைத்துச் சீடையை உருட்டுகிற வேகமும் கொட்டான் முடைகிற விரலும் எப்படி வந்தனவோ, அடிபட்ட கைக்கும் அதே வழிதான், ஆனால் பத்து மடங்கு பொறுமையோடு.

தூண்டலின் வேலையை எனக்கு நன்றாகப் புரிய வைத்தது மோனிகா பெரெஸ் என்பவரின் ஆராய்ச்சி. 1949-இல் டொனால்டு ஹெப் என்ற உளவியலாளர் சொன்ன கருத்து ஒன்று உண்டு: ஒரு நரம்பணு இன்னொன்றைத் திரும்பத் திரும்பத் துடிக்கவைத்தால் இரண்டுக்கும் இடையிலான இணைப்பு பலப்படும். பெரெஸும் கரென் பண்டேயும் 2012-இல் இதைத் தண்டுவடக் காயமடைந்தவர்களிடம் நேரடியாகச் சோதித்தார்கள். மூளையில் காந்தத்தால் ஒரு தட்டு, மணிக்கட்டு நரம்பில் மின்சாரத்தால் ஒரு தட்டு. மேலிருந்து வரும் துடிப்பும் கீழிருந்து ஏறும் துடிப்பும் தண்டுவடத்தில் இருக்கும் அதே இயக்க நரம்பணுவைச் சந்திக்க வேண்டும், அதுவும் மேலிருந்து வருவது 1 அல்லது 2 மில்லி நொடி முந்தி வர வேண்டும். முந்தி வந்தால் இணைப்பு பலப்படுகிறது, அந்த வரிசை தவறினால் பலன் இல்லை. பத்து நொடிக்கு ஒரு ஜோடி என்று மெதுவாகத் தட்டிய ஒரே அமர்வுக்குப் பிறகே கை வேலை கொஞ்சம் வேகமானது, ஆனால் அது சிறிது நேரம்தான் நின்றது. பின்னாளில் இதே முறையைப் பயிற்சியோடு 10 அமர்வு சேர்த்துச் செய்தபோது பலன் 6 மாதம் கழித்தும் தங்கியது. ஆயிரத்தில் ஒரு நொடிக் கணக்கு இது. கடையில் வாங்கும் பெல்ட்டால் செய்கிற காரியம் இல்லை.

சரி, மொத்தத்தில் நிரூபணம் எந்த நிலையில் இருக்கிறது? நேராகச் சொல்கிறேன்: மூளைத் தூண்டலுக்குக் கிடைத்த ஆதாரங்கள் நம்பிக்கை தருகின்றன, ஆனால் சின்னவை. 2004-இல் இங்கிலாந்தில் வெளியான முதல் ஆய்வுகளில் ஒன்றில் இருந்தது வெறும் 4 பேர். பிறகு வந்தவையும் பெரும்பாலும் பத்து, இருபது பேர் என்ற அளவில்தான், சிலவற்றில் நல்ல முன்னேற்றம், சிலவற்றில் போலித் தூண்டல் பெற்றவர்களும் ஏறக்குறைய அதே அளவு முன்னேறியிருக்கிறார்கள். போலித் தூண்டல் என்றால், மின்னோட்டத்தை அரை நிமிடம் போல ஓடவிட்டு நிறுத்திவிடுவது. தோலில் சுரீர் என்று பட்டிருக்கும், நோயாளிக்கு வித்தியாசம் தெரியாது. அந்தக் குழுவும் முன்னேறியது என்றால் பலன் தந்தது பயிற்சி. இதை ஏமாற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. என்னைக் கேட்டால் நமக்கு இதைவிட நல்ல சேதி இல்லை, பயிற்சிக்கு மதுரைக்கோ சென்னைக்கோ போய் இயந்திரம் தேட வேண்டியதில்லையே.

கைக்காகத் தூண்டும் கருவிகளில் பெரிய சோதனையைத் தாண்டி வந்தது மூளைக்கானது அல்ல, கழுத்துத் தோலின் மேல் வைத்துத் தண்டுவடத்தைத் தூண்டுவது. ஆன்வர்டு நிறுவனத்தின் ஆர்க்-எக்ஸ் என்ற கருவி. 60 பேர் முடித்த அந்தச் சோதனை 2024 மே மாதம் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. முதல் இரண்டு மாதம் வெறும் பயிற்சி, அடுத்த இரண்டு மாதம் தூண்டலும் பயிற்சியும். இரண்டாவது கட்டத்தில் 72 சதவீதம் பேருக்குக் கை பலமும் கை வேலையும் இரண்டுமே கூடியது, அதில் அடிபட்டு 34 வருடம் ஆனவருக்குக் கூட. 2024 டிசம்பரில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கு அனுமதி தந்தது, பழைய, முழுமையில்லாத கழுத்துக் காயத்துக்கு. இங்கேயும் பயிற்சியைத் தனியே பிரித்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். மூளைக்குள் சில்லு பொருத்தி, நினைப்பைப் படித்து, கைத்தசைக்கு மின்சாரம் அனுப்பிக் கையை இயக்கும் ஆராய்ச்சியும் நடக்கிறது. அமெரிக்காவில் இயன் பர்க்ஹார்ட் என்பவர் அப்படித் தன் கையால் பாட்டிலைப் பிடித்து ஊற்றியது 2016-இல் நேச்சர் இதழில் வந்தது. அது கால்வாயைச் சரி செய்வதில்லை, கால்வாயை விட்டு மோட்டார் வைத்துக் குழாயில் இறைப்பது. கருவியைக் கழற்றினால் கை பழையபடி. தூண்டலும் பயிற்சியும் குறிவைப்பது, கருவி கழன்ற பிறகும் நிற்கிற முன்னேற்றத்தை.

ஆபத்து? முறையாகச் செய்தால் குறைவு. ஆனால் வலிப்பு நோய் இருந்தவர்கள், தலைக்குள் உலோகக் கிளிப்போ காதுக்குள் கருவியோ வைத்தவர்கள் காந்தத் தூண்டலுக்குப் போகவே கூடாது என்ற அளவுக்கு எச்சரிக்கை வேண்டும். நேர் மின்னோட்டத்தில் பஞ்சு காய்ந்தால் தோல் வெந்துவிடும். வீட்டிலேயே பேட்டரி வைத்துச் செய்து பார்க்கும் வீடியோக்களைத் தயவுசெய்து நம்ப வேண்டாம். தசை இறுக்கத்துக்குத் தரும் பேக்ளோஃபென் மாத்திரை தூண்டலின் பலனைக் குறைக்குமோ என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரும், உயிருக்கே ஆபத்து. நடு மார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்குத் திடீர்த் தலைவலி, முகம் சிவந்து வியர்த்துக் கொட்டுவது, ரத்த அழுத்தம் எகிறுவது வந்தால் உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, சிறுநீர் போக வைத்த குழாய் (கதீட்டர்) மடங்கி சிறுநீர் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எந்தத் தூண்டலுக்குப் போவதற்கு முன்னாலும் வீட்டில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

இனி நான் ஆதங்கத்தோடு சொல்லும் விஷயம். சித்தி மகனுக்கு சி6 மிஞ்சியது. மணிக்கட்டை மேலே நிமிர்த்தினால் விரல் தசைநார்கள் தாமாக இழுபட்டு, விரல்கள் லேசாக மடங்கி, கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வந்து ஒட்டும். விரலுக்கு நரம்பு இல்லாமலே ஒரு பிடி கிடைக்கும். அந்தப் பிடியில் ஸ்பூன் நிற்கும், போன் நிற்கும். ஆனால் அதற்கு விரல் தசைநார்கள் கொஞ்சம் குட்டையாக இருக்க வேண்டும். முதல் மூன்று மாதத்தில் அவனைப் பார்த்தவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை. வீட்டில் அன்பால், தினமும் எண்ணெய் தேய்த்து, மணிக்கட்டை நிமிர்த்தி, விரல்களை நேராக நீட்டி நீட்டி உருவிவிட்டார்கள். தசைநார் நீண்டு பிடி தளர்ந்துவிட்டது. மணிக்கட்டு நிமிரும்போது விரல்களை மடக்கி வைக்க வேண்டும், விரலை நீட்டும்போது மணிக்கட்டைத் தொங்கவிட வேண்டும், இரண்டையும் ஒரே நேரத்தில் நீட்டக் கூடாது. இரவில் கையைச் சரியான நிலையில் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளிண்ட் போட வேண்டும். இவ்வளவுதான். இயந்திரம் எதுவும் வேண்டாத இந்த ஒன்றைக் கழுத்தில் அடிபட்டவர் வீட்டுக்கு யாராவது முதல் வாரத்திலேயே போய்ச் சொல்ல வேண்டும்.

தளர்ந்த பிறகும் வழி இல்லாமல் போகவில்லை. வேலை செய்கிற ஒரு தசையின் நாரை எடுத்து, செயலிழந்த வேலைக்கு மாற்றித் தைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. அதே உத்தியைத் தொழுநோயில் மடங்கிப்போன கைகளுக்கு உலகுக்கே கற்றுக்கொடுத்த இடம் நம் வேலூர், கை அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் பால் பிராண்ட் காலத்தில். அங்கே அவரோடு வேலை பார்த்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை அறுவை சிகிச்சை செய்தவர், 1966-இல் வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு மையத்தை உருவாக்கியவர். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய ராமகிருஷ்ணன், 1975-இல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். பயிற்சி முறையாகக் கிடைக்கிற இடத்துக்காக அமெரிக்கா போக வேண்டியதில்லை என்பதற்காக இவர்களைச் சொல்கிறேன். செட்டிநாட்டிலிருந்து மதுரைக்கே காரில் இரண்டு மணி நேரம், படுக்கைப் புண்ணோடு அந்தப் பயணம் எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் ஒரு முறை போய் இரண்டு மாதம் தங்கி, வீட்டில் செய்ய வேண்டியதைக் கற்றுக்கொண்டு வருவது தினமும் அலைவதைவிட மேல்.

சித்தியிடம் கடைசியாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், யாராவது மூளைத் தூண்டல் தருகிறோம் என்றால் கேட்க வேண்டியவை. இது ஆராய்ச்சியா, சிகிச்சையா? ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் பணம் கேட்பது ஏன்? தசையில் சலனம் வருகிறதா என்று முதலில் பரிசோதிப்பார்களா? அவனுக்கு எந்த வேலை திரும்ப வரும் என்று எதிர்பார்க்கிறார்கள், அதை எப்படி அளப்பார்கள்? தூண்டல் கொடுக்கும் அன்று கையால் எத்தனை மணி நேரம் பயிற்சி, யார் கூட இருந்து செய்ய வைப்பார்கள்? போன வாரம் ஓர் இடத்துக்கு போன் போட்டு வரிசையாகக் கேட்டிருக்கிறார். கடைசிக் கேள்விக்கு "பயிற்சி எல்லாம் தேவையில்லைம்மா, மெஷினே பாத்துக்கும்" என்று பதில் வந்ததாம். சித்தி போனை வைத்துவிட்டார். காணி அப்படியே இருக்கிறது.